எக்ஸ்11 விட்டு வேலேண்ட்: கடை, ஸ்டுடியோ, சர்ச் திரைகளில் நாள்பட்ட பயன்பாடு

லினக்ஸ் கணினியில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு எக்ஸ்11; அதன் இடத்துக்கு வந்தது வேலேண்ட். வேலேண்டுக்கு மாறலாமா என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, "எந்த டெஸ்க்டாப்?" என்பதுதான். எக்ஸ்11 காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. க்னோமோ கேடிஇயோ எக்ஸ்எஃப்சிஇயோ, அடியில் ஓடியது ஒரே எக்ஸ் சர்வர். திரை அளவை மாற்றவும் கீபோர்டைத் திருத்தவும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் ஒருமுறை படித்த கட்டளை எங்கு போனாலும் செல்லுபடியானது. வேலேண்ட் அப்படி ஒரு நிரல் அல்ல, வெறும் நெறிமுறை. ஜன்னல்களைச் சேர்த்துப் படமாக்குவது, அடித்த விசையை எந்தச் செயலிக்குக் கொடுப்பது, எந்த மானிட்டரில் எதை வைப்பது எல்லாமே அந்தந்த டெஸ்க்டாப்பின் கம்போசிட்டர் பொறுப்பு. ஊர்ப் பொதுக்கிணறு போய் வீட்டுக்கு வீடு போர் போட்ட கதை. தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. மோட்டார் மக்கர் பண்ணினால் பக்கத்து வீட்டு ஸ்பானர் சேராது.

எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது, எக்ஸ்11 1987-இல். வேலேண்டைக் கிறிஸ்டியன் ஹொக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கினார். ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீட்டின் 25-ஆம் பதிப்பு (2016) இதை இயல்பாக்கியது. இன்னொரு வெளியீடான உபுண்டு 17.10-இல் போட்டுப் பார்த்து, 18.04-இல் பின்வாங்கி, 21.04-இல் மறுபடி எடுத்துக்கொண்டது. கேடிஇ இதை இயல்பாக்கியது 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல். இப்போது க்னோம் 49-இல் எக்ஸ்11 செஷன் (எக்ஸ்11-இல் லாகின் செய்யும் வழி) இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டது, உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு அந்தச் செஷனே கிடையாது. ஆகவே மாறுவதா வேண்டாமா என்பது பலருக்கு இனி அவர்கள் கையில் இல்லை. எப்போது, எதை முன்கூட்டிச் சரிபார்த்துவிட்டு என்பதுதான் மிச்சம்.

தற்போது எதில் ஓடுகிறது என்று பார்க்க, க்னோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் சிஸ்டம் டீடெய்ல்ஸில் "விண்டோயிங் சிஸ்டம்" வரி. கேடிஇயில் "அபவுட் திஸ் சிஸ்டம்" பக்கத்தில் "கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம்".

படத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. வீடியோ ஓடும்போது நடுவில் கிழிந்து தெரிவது நின்றுவிடுகிறது. லேப்டாப்பை 125 விழுக்காட்டிலும் வெளி மானிட்டரை 100-இலும் தனித்தனியே வைக்க முடிகிறது. எக்ஸ்11-இல் இது குரங்கு வித்தை. எச்61 போர்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 வைத்திருக்கும் பழைய கடைக் கணினிகளில்கூட இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் வேலேண்ட் ஒழுங்காக ஓடும். சங்கடம் எல்லாம் படத்தைச் சுற்றியிருக்கும் வேலைகளில்தான்.

தலையாய சங்கடம் தமிழ்த் தட்டச்சு. இதில் ஒரு வேடிக்கை: பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடிக்கும் டிடிபி கடைக்கு வேலேண்டால் ஒரு மாற்றமும் தெரியாது. அங்கே கணினி அறிந்தவரை அடிப்பது ஆங்கிலம்; எழுத்துரு மட்டுமே தமிழ் வேஷம் போடுகிறது. யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவர்தான் மாட்டுவார்.

க்னோமில் உள்ளீட்டு மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழுக்குக் கீழ் ஒரே மாதிரி இரண்டு பெயர் தெரியும். "தமிழ்நெட் '99" என்பது வெறும் விசைப்பலகை அமைப்பு. "தமிழ்99 (எம்17என்)" என்பது ஐபஸ் (உள்ளீட்டு முறைகளை இயக்கும் மென்பொருள்) வழியாக வரும் உள்ளீட்டு முறை. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்த பிறகே பட்டியலில் ஏறும். வித்தியாசம் அடித்தவுடன் தெரிந்துவிடும். தமிழ்99 விதிப்படி க விசையை இருமுறை தட்டினால் "க்க", ங-வும் க-வும் தட்டினால் "ங்க" வர வேண்டும். முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று வெறும் விசைப்பலகை அமைப்புக்குத் தெரியாது. ஆகவே "கக", "ஙக" என்றே நிற்கும். வேலேண்டுக்கு மாறியதும் புள்ளி விழவில்லை என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எக்ஸ்எமோட்மேப், செட்எக்ஸ்கேபிமேப் போட்டு விசைகளை மாற்றி வைத்திருந்தவர்கள் அவற்றை மறந்துவிடலாம். முன்னதற்கு இங்கே வேலையில்லை. பின்னது பழைய எக்ஸ் செயலிகளுக்கான எக்ஸ்வேலேண்டுக்குள் மட்டுமே செல்லும்.

கேடிஇயில், ஐபஸ் மாதிரியே வேலை செய்யும் ஃபிசிடிஎக்ஸ் 5 நல்ல தேர்வு, ஆனால் அதைத் தொடங்கும் விதம் வேறு. எக்ஸ்11-இல் செய்ததுபோல ஆட்டோஸ்டார்ட்டில் போடக் கூடாது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டுக்குக் கீழே "விர்ச்சுவல் கீபோர்டு" பக்கத்தில் ஃபிசிடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து, இது தொடுதிரைக்கு என்று நினைத்துப் பலர் கடந்துவிடுகிறார்கள். செயலிகளைக் கட்டப் பயன்படும் கருவித்தொகுப்புகளான ஜிடிகேக்கும் க்யூடிக்கும் உள்ளீட்டு முறையைச் சொல்லும் பழைய சூழல் மாறிகள் என்விரான்மென்ட் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிடுங்கள். எக்ஸ்மாடிஃபையர்ஸ் மட்டும் இருக்கட்டும். எக்ஸ்வேலேண்டில் ஓடும் செயலிகளுக்கு அது தேவை.

எங்கள் குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளில் ஆங்கிலம், தமிழ் கூடவே மலையாளமும் வேண்டியிருக்கும். அப்போது கேடிஇயின் சொந்த லேஅவுட் பட்டியலில் ஆங்கிலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று மொழிகளையும் ஃபிசிடிஎக்ஸிலேயே சேருங்கள். இரண்டு இடத்திலும் மொழி மாற்றம் வைத்தால் பட்டையில் ஒரு மொழி காட்டும், அடிக்கும் இடத்தில் வேறு மொழி விழும்.

குரோமியம் வகை உலாவிகளில் தமிழ் அறவே வராவிட்டால், உலாவி வேலேண்டில் ஓடுகிறதா, டெக்ஸ்ட்-இன்புட் (உள்ளீட்டு முறையோடு பேசும் நெறிமுறை) மூன்றாம் பதிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 121-இலிருந்து தானாகவே வேலேண்டில் ஓடுகிறது. அதில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்: அடிக்கோட்டுடன் நிற்கும் கடைசி எழுத்து இன்னும் செயலிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் மவுஸால் வேறு கட்டத்தைச் சொடுக்கினால் சில செயலிகளில் அது விழுங்கப்படும். ஸ்பேஸ் அல்லது டேப் தட்டிவிட்டு நகர்வது நல்லது. படிவம் நிரப்பும்போது பெயரின் கடைசி எழுத்து போனால் யார் அலைவது?

அடுத்தது இரண்டாவது திரை. பாடல் வரிகளைப் புரொஜெக்டரில் காட்டும் சர்ச், வாடிக்கையாளருக்கு டிவியில் ஆல்பம் காட்டும் ஸ்டுடியோ, பில் தொகை தெரியும் சின்னத் திரை வைத்த துணிக்கடை, எல்லோருக்கும் இங்கேதான் இடி. எக்ஸ்11-இல் ஒரு செயலி "இந்த இடத்தில் என் ஜன்னலை வை" என்று சொல்ல முடியும். வேலேண்டில் சாதாரணச் செயலிக்குத் தன் ஜன்னல் திரையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் பாடல் வரி புரொஜெக்டருக்குப் போகாமல் இயக்குபவரின் மானிட்டரை மூடிக்கொண்டு நிற்கும்; பூசை நடுவில் இது நடந்தால் சொல்ல வேண்டாம்.

தீர்வு இரண்டு. கேடிஇயில் அந்த ஜன்னலின் தலைப்புப் பட்டையை வலச்சொடுக்கி, மோர் ஆக்‌ஷன்ஸில் விண்டோ செட்டிங்ஸைத் திறந்து, "ஸ்கிரீன்" என்ற பண்பைச் சேர்த்து, "ஃபோர்ஸ்" வைத்து, இரண்டாம் திரையின் எண்ணைக் கொடுங்கள். கூடவே ஃபுல்ஸ்கிரீனையும் ஃபோர்ஸ் ஆக்கினால் கை வைக்காமலே போய் உட்காரும். க்னோமில் இந்த வசதி உள்ளமைவாக இல்லை. அங்கே அந்தச் செயலியை மட்டும் எக்ஸ்வேலேண்டில் ஓட்டுவதே வழி: க்யூடி செயலியானால் க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம் என்ற மாறிக்கு எக்ஸ்சிபி என்ற மதிப்பைக் கொடுத்து, அதை டெஸ்க்டாப் ஐகானின் கட்டளை வரியிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு திரை வைத்து வேலை செய்யும் இடத்துக்குக் கேடிஇ என்றே நான் சொல்வேன். தட்டச்சு மட்டும் நடக்கும் ஒற்றைத் திரை மேசைக்கு க்னோம் போதும், அமைப்புத் தொந்தரவும் குறைவு.

பழைய விஜிஏ புரொஜெக்டர்கள் தனிக்கதை. மானிட்டர் தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்வது விஜிஏ கேபிளின் 12, 15-ஆம் பின்கள் வழியாக. மலிவு நீளக் கேபிள்களில் இந்தப் பின்களுக்குக் கம்பியே ஓடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடித்தும் தொடர்பு போகும். அளவு தெரியாவிட்டால் 1024×768-க்கு மேல் பட்டியலில் எதுவும் வராது, சில சமயம் திரையே இல்லை என்று காட்டும். முன்பு எக்ஸ்ரேண்டர் கட்டளையில் புது மோடு எழுதிச் சேர்த்துச் சமாளித்தோம். வேலேண்டில் அது பலிக்காது. வேலையைக் கர்னலிடம் (லினக்ஸின் மைய நிரல்) கொடுக்க வேண்டும். கிரப் (கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்) கோப்பில் கர்னலுக்குப் போகும் வரியில் வீடியோ என்ற அளவுருவைச் சேர்த்து, சமக்குறி, இணைப்பியின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு இடைவெளியில்லாமல் தேவையான அளவும் @60-உம். முடிவில் சிறிய எழுத்தில் ஆங்கில 'இ' போட்டால், எதிரே திரை இருப்பதாகவே வைத்துக்கொள் என்று பொருள். கிரப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்யவும். இணைப்பியின் பெயரில்தான் பலர் சறுக்குவது: எக்ஸ்ரேண்டர் "எச்டிஎம்ஐ-1" என்று காட்டியதைக் கர்னல் "எச்டிஎம்ஐ-ஏ-1" என்று வைத்திருக்கும். சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் போய்ப் பார்த்துச் சரியான பெயரை எழுதுங்கள். இத்தனைக்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பார்த்துவிடுவது உத்தமம்.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஆடிச் சாரலும் ஐப்பசி இடியும் இரண்டும் வாங்கும் மாவட்டம் இது. சிபியு யுபிஎஸ்ஸில், மானிட்டர் நேர் கரண்டில் என்று வைத்தால், மின்சாரம் போனதும் எச்டிஎம்ஐ மானிட்டர் கழற்றப்பட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு ஜன்னல்களை எல்லாம் அடுத்த திரைக்குத் தள்ளும். மானிட்டரையும் யுபிஎஸ்ஸில் சேர்த்தால் முடிந்தது.

தொலைவிலிருந்து கணினியைக் கையாளும் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வேலேண்டில் திரையைப் பகிர்வது போர்ட்டல் (அனுமதி கேட்கும் இடைநிரல்), பைப்வயர் (படத்தைக் கொண்டுசேர்க்கும் நிரல்) என்ற இரண்டின் வழியாகவே நடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அனுமதிப் பெட்டியில் திரையைத் தேர்ந்து 'ஷேர்' அழுத்த வேண்டும். கடையில் ஆளில்லாத நேரத்தில் உள்ளே நுழைவதும், லாகின் திரையைத் தொடுவதும் பல மென்பொருள்களில் நடக்காது. க்னோமின் சொந்த ஆர்டிபி (தொலைவிலிருந்து திரையைத் திறக்கும் நெறிமுறை) வசதி இதற்கு ஓரளவு விடை. 46-ஆம் பதிப்பிலிருந்து லாகின் செய்யாத கணினிக்குள்ளும் போகலாம். வீடியோ கூட்டத்தில் பகிரும் பட்டியல் காலியாக வந்தால், உங்கள் டெஸ்க்டாப்புக்கு உரிய போர்ட்டல் பொதி நிறுவப்படவில்லை என்றே முதலில் சந்தேகியுங்கள்.

இந்த அனுமதிப் பெட்டி எரிச்சல்தான். ஆனால் அது ஏன் வந்தது என்பதை ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துபவர் ஒருமுறை பார்த்தால் போதும். எக்ஸ்11 செஷனில் ஒரு டெர்மினலைத் திறந்து, எக்ஸ்இன்புட் கட்டளையின் டெஸ்ட் வசதியில் கீபோர்டின் எண்ணைக் கொடுங்கள். பிறகு உலாவிக்குப் போய் வங்கிக் கடவுச்சொல்லை அடியுங்கள். அடித்த ஒவ்வொரு விசையின் எண்ணும் டெர்மினலில் வரிசையாக விழும். ரூட் அனுமதிகூடத் தேவையில்லை. ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும் நாளெல்லாம் அடிக்கப்படும் மேசையில் இதை விட்டுவைப்பது சரியல்ல. வேலேண்டில் ஓடும் உலாவியில் அடிப்பது அடுத்த செயலிக்குப் போகாது. எக்ஸ்வேலேண்டில் ஓடும் செயலிகள் மட்டும் தங்களுக்குள் ஒன்றை ஒன்று எட்டிப் பார்க்கலாம். உலாவியை வேலேண்டில் ஓட்டச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு: படத் திருத்த மென்பொருளான ஜிம்ப்பின் 2.10 எக்ஸ்வேலேண்டில்தான் ஓடும், 125 விழுக்காட்டில் மங்கலாகத் தெரியலாம். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-க்கு இந்தக் குறை இல்லை. பழையதையே விட முடியாதவர்கள் கேடிஇ திரை அமைப்பில் எக்ஸ்11 செயலிகள் தாமே அளவை மாற்றிக்கொள்ளட்டும் என்று வைக்கலாம். பிளாஸ்மா 6 ஒவ்வொரு திரைக்கும் தனி ஐசிசி புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) ஏற்கிறது. ஆனால் சென்சர் வைத்து அளக்கும் வேலையை எக்ஸ்11 செஷனில் முடித்து, அந்தக் கோப்பை இங்கே கொண்டுவந்து ஏற்றுவதே இன்றைக்குச் சிக்கலில்லாத வழி.

மாறவே கூடாதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டென்றால், அது என்விடியா ஜிடி 710, ஜிடி 730 கார்டு போட்டவர்கள். இவற்றில் கெப்ளர் என்ற பழைய தலைமுறை சிப் உள்ளவற்றுக்கு 470 வரிசை டிரைவரே கடைசி. இன்றைய கம்போசிட்டர்கள் கேட்கும் ஜிபிஎம் (படத்துக்கான நினைவகத்தை ஒதுக்கும்) வசதி என்விடியா டிரைவரில் 495-இல்தான் வந்தது. வழி மூன்று: கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டின் இன்டெல் அவுட்டில் மானிட்டரைச் செருகலாம். திறந்தமூல டிரைவரான நூவோவுக்கு மாறலாம், வேகம் குறையும். அல்லது உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸில் எக்ஸ்11 செஷனிலேயே இருக்கலாம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. லாகின் திரையில் பெயரைச் சொடுக்கியதும் கீழ் மூலையில் வரும் பற்சக்கரத்தில் "உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்" தேர்ந்தால், அடுத்த முறையும் அதிலேயே திறக்கும்.