வாக்கி-டாக்கிக்கு மாற்று ஆன்டெனா: மூன்று ஆண்டு கிரேன் சைட் அனுபவம்

சிங்கப்பூரின் தெங்காவில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டுமான சைட்டில் நான் லிஃப்டிங் சூப்பர்வைசர், அதாவது கிரேன் தூக்கும் வேலையை மேற்பார்ப்பவன். எங்கள் குழுவில் பன்னிரண்டு வாக்கி-டாக்கிகள் ஓடுகின்றன. மூன்று ஆண்டுகளில் பதினேழு ஆன்டெனா மாற்றிவிட்டேன். சில இன்றும் உழைக்கின்றன, சில ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எது எதனால் என்று எழுதி வைத்தால் இதே வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும்.

ஆன்டெனாவில் நான் இவ்வளவு கவனமாக இருக்கக் காரணம் ஒரு மதிய நேரம். முன்கூட்டியே வார்த்த பிரிகாஸ்ட் சுவர் ஒன்றை புளோக்குக்குப் பின்புறம் இறக்கிக்கொண்டிருந்தோம். கிரேன் ஆப்பரேட்டர் அண்ணன் ஐம்பது மீட்டர் உயரத்தில் இருந்தார். பாரம் அவர் கண்ணுக்குத் தெரியாது, சிக்னல்மேன் தம்பியின் குரல்தான் அவருக்குக் கண். 2011இல் வந்த கிரேன் விதிமுறைகள் சூப்பர்வைசர், பாரத்தைக் கட்டும் ரிக்கர், சைகை சொல்லும் சிக்னல்மேன் என்று ஆளுக்கு ஒரு பொறுப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் அந்த மூன்று பேரையும் கட்டிப்போட்டிருப்பது ஒரு சாண் ரப்பர் குச்சி. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று தம்பி விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் அறுந்தால் ஆப்பரேட்டர் நிறுத்திவிட வேண்டும். இதுதான் எங்கள் பழக்கம். அன்று மூன்றாவது "இறக்கு" கரகரவென்று பாதியில் நின்றது, அண்ணனும் நிறுத்திவிட்டார். சுவர் சாரக்கட்டிலிருந்து ஒரு கை தூரத்தில் தொங்கியது. தம்பி அப்போது "நிறுத்து" என்றுதான் கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சொல் மேலே போகவே இல்லை.

அன்று சாயங்காலம் அந்த ரேடியோவின் ஆன்டெனாவைக் கழற்றி, கட்டர் பிளேடால் ரப்பரை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்ளே பேனா ஸ்பிரிங்கைப் போல ஒரு கம்பிச் சுருள். அதன் அடிமுனையை பித்தளைத் திருகோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஈயம் வட்டமாக வெடித்திருந்தது. குச்சியை நேராக நிறுத்தினால் கம்பி தொட்டது, சாய்த்தால் விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. வாக்கியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குவது, அதைப் பிடித்தே அடுத்தவர் கையில் கொடுப்பது, இடுப்புப் பையிலிருந்து அதைப் பிடித்தே இழுப்பது, இவைதான் காரணம். எல்லாருமே செய்கிறோம், நானும் செய்துகொண்டிருந்தேன்.

சரி, மாற்று வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சிம் லிம் டவருக்குப் போனேன். அங்கே முதல் தவறு. கடையில் ஒரே மாதிரி கறுப்பு ரப்பர், ஒரே திருகு, ஏறத்தாழ ஒரே நீளத்தில் இரண்டு வகை இருந்தன. மலிவானதை வாங்கினேன். சைட்டில் போட்டதும் பக்கத்துத் தளத்துக்கே பேச்சு தேய்ந்தது. அது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸுக்கான விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசை) ஆன்டெனா. எங்கள் ரேடியோ யுஎச்எஃப் (உயர்ந்த அலைவரிசை), எங்கள் அலைவரிசை 460 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அதையும் பிறகு கிழித்துப் பார்த்தேன். யுஎச்எஃப் ஆன்டெனாவில் சுருள் தளர்வாக, சில சுற்றுகளே இருந்தன. இதில் நெருக்கமாக, எண்ணி மாளாத சுற்றுகள்.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் வரும். 460க்கு 65 சென்டிமீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் கால் பங்கு போதும், அதாவது 16 சென்டிமீட்டர். ஆகவே யுஎச்எஃப் ரேடியோவில் ஒரு சாண் குச்சியே கிட்டத்தட்ட முழு ஆன்டெனா. 150 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கே 50 சென்டிமீட்டர். அவ்வளவு நீளத்தை யாரும் இடுப்பில் செருக முடியாது, அதனால்தான் சுருட்டி அடைக்கிறார்கள். சுருட்டச் சுருட்டத் திறனும் குறையும், அது ஒழுங்காக வேலை செய்யும் அலைவரிசை அகலமும் குறுகும். ஆகவே கடைக்குப் போகுமுன் எடுக்க வேண்டியது நிறுவனத்தின் ரேடியோ உரிமம். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் கொடுத்த அந்தத் தாளில் அலைவரிசை அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவின் மேலுறையில் 400–470 என்று போட்டிருந்தாலும், அதற்குள் உங்கள் எண் நடுப்பக்கமாக விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டு முனையிலும் செயல்பாடு இறங்கும்.

திருகு விஷயம் சின்னதுதான், ஆனால் பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். எஸ்எம்ஏ என்பது ஆன்டெனாவை ரேடியோவில் பொருத்தும் ஒரு வகைத் திருகு. அதில் நடுவில் ஊசி இருப்பது ஆண், துளை இருப்பது பெண். சீனத் தயாரிப்பு மலிவு ரேடியோக்கள் பலவற்றில் ஊசி ரேடியோவின் பக்கமே இருக்கும், ஜப்பானிய ரேடியோக்கள் பலவற்றில் துளை இருக்கும். இரண்டும் இணையத்தில் ஒரே படத்தோடு விற்கப்படுகின்றன. பழைய ஆன்டெனாவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கார அங்கிள் அதைப் பார்த்த ஒரு நொடியில் சரியானதை எடுத்துக் கொடுப்பார், மொழியே தேவையில்லை. தவறான திருகை வாங்கிவிட்டு நடுவே அடாப்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள். குச்சி உயர உயர அது நெம்புகோலாகி, ரேடியோவுக்குள் இருக்கும் ஈயத்தையே பெயர்க்கும். ஆன்டெனா போனால் இருபது வெள்ளியோடு முடியும். உள்ளே இருக்கும் திருகு போனால் ரேடியோவே போனதுபோலத்தான்.

நீளமான குச்சி வாங்கினால் தூரம் போகும் என்பதை நானும் நம்பினேன். 40 சென்டிமீட்டர் நீளத்தில் வளையும் குச்சி ஒன்று இணையத்தில் பிரபலம். நாகோயா என்ஏ-771 என்ற மாடல். விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டுக்கும் பொதுவானது, பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் விரும்பி வாங்குவது. அதற்குப் போலி நிறைய வருகிறது. நான் ஓர் இணையக் கடையில் ஆறு வெள்ளிக்கு இரண்டு வாங்கினேன். பழைய குச்சியைவிட மோசமாக இருந்ததால் ஒன்றைக் கிழித்தேன். கம்பி பாதி உயரத்தில் முடிந்துவிட்டது, மேலே மீதி எல்லாம் வெறும் ரப்பர். அப்புறம் நம்பகமான கடையில் அசலைத் தேடி வாங்கினேன். நன்றாகவே கேட்டது, மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் சைட்டுக்குச் சரிப்படவில்லை. சாரக்கட்டில் குனிந்தால் குழாயில் மாட்டுகிறது, ஹெல்மெட் பட்டையில் சிக்குகிறது, ஒருமுறை ரிக்கர் தம்பியின் கண்ணுக்குப் பக்கத்தில் உரசிவிட்டது. அன்றே கழற்றினேன். மலை ஏறுபவருக்கோ, திறந்தவெளியில் நின்று பேசுபவருக்கோ அது நல்ல ஆன்டெனாதான்.

அதற்கு நேர்மாறாக ஐந்து சென்டிமீட்டர் குட்டை ஆன்டெனாவையும் முயன்றேன். தம்பிகளுக்கு அது ரொம்பப் பிடித்தது, எங்கும் இடிக்காது. மேல்தளத்தில் பழுதில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் சூழ்ந்த இடத்தில் போனதும் இரைச்சல்தான். பொருள்கூடத்தில் இருப்பவருக்கு மட்டும் அதை விட்டுவைத்தேன்.

அட்டையில் போடும் டிபிஐ கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டெனா சக்தியை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு அது. அரை அலை இருமுனை ஆன்டெனாவுக்கே 2.15 டிபிஐதான். ஒரு சாண் குச்சியின் அட்டையில் 5, 7 என்று அச்சிட்டிருந்தால் நான் வாங்குவதில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் நண்பர் ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று திரையில் வளைகோடாகக் காட்டும் நேனோவிஎன்ஏ என்ற சின்ன அளவுமானி கொண்டுவந்தார். அது காட்டும் பொருத்த அளவு எஸ்டபிள்யூஆர். அது 2 என்றால் அனுப்பும் சக்தியில் 11 விழுக்காடு திரும்பி வருகிறது, 3 என்றால் 25 விழுக்காடு. அசல் ஆன்டெனாவைப் பொருத்தி மேசையில் வைத்தபோது ஓர் எண் வந்தது. அவர் அதைக் கையில் பிடித்ததும் வளைகோடு அப்படியே நகர்ந்து வேறு எண் வந்தது. கையை எடுத்தால் பழையபடி. நான்கைந்து முறை செய்து பார்த்தோம். காரணம் என்னவென்றால், நாம் பார்க்கும் குச்சி ஆன்டெனாவில் பாதிதான். மீதிப் பாதி ரேடியோவின் உலோக உடலும் அதைப் பிடித்திருக்கும் கையும். அதனால் எண்ணை முழுதாக நம்பாமல், வளைகோட்டின் பள்ளம், அதாவது ஆன்டெனா நன்றாகப் பொருந்தும் இடம், எங்கள் 460க்குப் பக்கத்தில் விழுகிறதா என்று மட்டும் பார்த்தோம். விஎச்எஃப் குச்சியின் பள்ளம் 150க்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. போலி நீளக் குச்சிக்கு எங்கள் பக்கத்தில் பள்ளமே இல்லை.

அந்தக் கை விஷயம்தான் எனக்குப் பெரிய பாடம் சொன்னது. எங்கள் சிக்னல்மேன்கள் ரேடியோவை இடுப்புப் பையில் வைத்து, தோளில் கிளிப் மைக் மாட்டியிருந்தார்கள். ஆன்டெனா விலாவோடும் பாதுகாப்புப் பட்டையின் இரும்பு வளையத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது ரேடியோ அலையை நன்றாகவே விழுங்கும். கிரேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் குரல் தேயும், முகம் காட்டினால் தெளியும். மார்புப் பைக்கு மாற்றி, குச்சி தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்படி வைத்தோம். அதே ரேடியோ, அதே ஆன்டெனா, ஆனால் கீழ்த்தளத்திலிருந்து பேச்சு முழுதாக மேலே வந்தது. புது ஆன்டெனா வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் இதைச் செய்து பாருங்கள். அண்ணனிடமும் கேபினில் ரேடியோவை இருக்கைக்குக் கீழே வைக்காமல் கண்ணாடி ஓரமாக நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். சுற்றிலும் இரும்பு, அலை நுழைய அந்தக் கண்ணாடிதான் வாசல்.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பர் மழையில் இரண்டு ரேடியோக்கள் ஒரே வாரத்தில் கரகரக்க ஆரம்பித்தன. ரேடியோ தண்ணீர் புகாதது என்றுதான் அட்டையில் இருந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அசல் ஆன்டெனாவின் அடியில் இருக்கும் ரப்பர் விளிம்பையும் சேர்த்துத்தான். நான் போட்ட மாற்று ஆன்டெனா அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தது. கழற்றியபோது திருகு மரைகளில் பச்சைக் களிம்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவைத்து, அடியில் சரியான அளவு ரப்பர் வளையம் போட்டதும் சரியானது. இப்போது கடையிலேயே பொருத்திப் பார்த்து, அடியில் நகம் நுழைகிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

சோதிக்கும் முறையும் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆப்பரேட்டர் அண்ணன் கேபினில், நான் கீழ்த்தளத்தில் சுண்ணாம்பால் குறித்த ஒரே இடத்தில். ரேடியோவைக் குறைந்த சக்திக்கு மாற்றிவிட்டு, ஒன்று முதல் இருபது வரை எண்ணுவேன். எத்தனை எண் கேட்டது என்று அவர் சொல்வார். அதே ரேடியோ, அதே பேட்டரி, ஆன்டெனா மட்டும் மாறும். முழுச் சக்தியில் எல்லாமே நன்றாகக் கேட்பதால் வித்தியாசம் தெரியாது. கடைசியாக வாங்கிய வகை, ரேடியோ தயாரிப்பாளரே விற்கும் 16 சென்டிமீட்டர் யுஎச்எஃப் குச்சி, 28 வெள்ளி. இருபதில் பத்தொன்பது கேட்டது. குட்டை ஆன்டெனாவில் ஏழுதான் கேட்டது. ஆறு வெள்ளிப் போலியில் நான்குதான்.

இப்போது பன்னிரண்டில் பத்து ரேடியோவில் அந்தக் குச்சிதான். மூத்தது இருபத்திரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் மாற்றிய மாதத்துக்கு ஒரு வண்ண டேப் சுற்றியிருக்கிறேன். திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் தம்பிகள் ரேடியோவை முகத்துக்கு நேராகப் பிடித்து, குச்சியை மெதுவாக நாலு பக்கமும் சாய்த்தபடி எண்ணுவார்கள். அண்ணன் மேலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். போன வாரம் மஞ்சள் டேப் போட்ட ஒன்று இடப்பக்கம் சாய்த்தபோது எட்டில் அறுந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டுத்தான் முதல் பாரத்தைத் தூக்கினோம்.