வீடு, பள்ளி, பணியிடம்: ஒரு வாழ்நாள் கற்றல் தொண்டு நிறுவனத்துடன் ஓராண்டு

குடும்பம், பள்ளி, பணியிடம் ஆகிய மூன்று இடங்களிலும் கற்றலை வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் மூன்று திட்டங்களிலும் கடந்த ஓராண்டில் நான் பங்கேற்றிருக்கிறேன். முதலில் மகளுடன் குடும்ப அமர்வுகளுக்குச் சென்றேன். அவை மனத்துக்கு நிறைவாக இருந்ததால், அவளுடைய பள்ளியின் பெற்றோர் குழுவிலும் பின்னர் என் அலுவலகத்திலும் இந்நிறுவனத்தை அழைக்கும்படி நானே பரிந்துரைத்தேன். மூன்றும் ஒரே தரத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடும்ப அமர்வுதான் இவர்களின் உயிர்நாடி. பெற்றோரைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்தும் வழக்கம் இங்கே இல்லை. ஒரு மேசைக்கு ஒரு குடும்பம். இருவருக்கும் ஒரே வேலை. நாங்கள் சென்ற இரண்டாவது அமர்வில், சாவி கொடுத்து ஓட்டும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்றையும் ஒரு திருப்புளியையும் கொடுத்தார்கள். உடன் இருந்த அட்டையில் விளக்கம் எதுவும் இல்லை, ஒரு கேள்வி மட்டுமே இருந்தது: நிமிடமுள் பன்னிரண்டு முறை சுற்றும்போது மணிமுள் ஒரே ஒரு முறை சுற்றுகிறதே, அது எப்படி? கடிகாரத்தை நாள்தோறும் பலமுறை பார்க்கிறவள்தான் நான்; ஆனால் இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. "அம்மா, உனக்கும் தெரியாதா?" என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். அவளோ நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு பற்சக்கரங்களின் பற்களை எண்ணத் தொடங்கினோம். நிமிடமுள்ளோடு சேர்ந்து சுழலும் சிறிய சக்கரத்தில் 10 பற்கள், அது சுழற்றும் சக்கரத்தில் 30. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே பொருந்திய இன்னொரு சிறிய சக்கரத்தில் 8, அது சுழற்றும் மணிமுள் சக்கரத்தில் 32. முதல் இணையில் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, இரண்டாவதில் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பன்னிரண்டு. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பயிற்றுநர் எங்கள் மேசைக்கு இரண்டே முறை வந்தார். முதல் முறை, எண்ணத் தொடங்கிய பல்லில் ஒரு மைப்புள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாம் முறை எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டு நகர்ந்தார். எவ்வளவு உதவுவது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்பதை அறிந்து செய்யும் இந்த முறையை உட், புரூனர், ராஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1976-இல் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதோடு ஒப்பிட்டு விளக்கினார்கள். சுவர் தானாக நிற்கும் வரைக்கும்தான் சாரம் தேவை. நூல்களில் எளிதாகத் தெரியும் இந்த உண்மையை ஓர் அறையில் பத்துக் குடும்பங்களிடம் ஒரே நேரத்தில் நடத்திக் காட்டுவதற்குத் தேர்ந்த பயிற்சி வேண்டும். அது இவர்களிடம் இருக்கிறது.

பள்ளித் திட்டத்தில் என்னைக் கவர்ந்த பகுதி மிகவும் எளியது. வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஏட்டை மூடிவைத்துவிட்டு, முந்தைய நாள் பாடத்தில் நினைவில் நிற்பதை மாணவர்கள் எழுதுகிறார்கள். மதிப்பெண் கிடையாது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை இதற்கு வலுவான அடிப்படை: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னே நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். ஆசிரியர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கி, அவர்களையே முதலில் எழுதிப் பார்க்கச் செய்த விதம் நன்றாக இருந்தது.

அதே பயிற்சித் தொகுப்பில் 'உங்கள் கற்றல் பாணி எது?' என்றொரு வினாத்தாளும் இருந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அந்தந்தப் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்று அது சொல்கிறது. இந்தக் கருத்தை பேஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இலேயே ஆராய்ந்து, அதை ஏற்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். சான்று இல்லை என்பதோடு நின்றுவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் அந்தத் தாளை நிரப்பிவிட்டு வந்து, தான் பார்த்துக் கற்கிறவள் என்றும், ஆகவே காதால் கேட்கும் பாடம் தனக்கு ஏறாது என்றும் உறுதியாகச் சொன்னாள். பிள்ளைகளுக்குக் கதவுகளைத் திறக்க வேண்டிய நிறுவனம் ஒன்பது வயதில் ஒரு கதவை அடைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன்; அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாக மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தவறு என்று தெரிந்த பிறகு அடுத்த பதிப்பு வரை காத்திருப்பது சரியல்ல.

பணியிடத் திட்டம் ஆண்டுக்கு ஒரு வாரம். மதிய இடைவேளையில் நாளுக்கு ஓர் அமர்வு. ஊழியர்களே தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். அமர்வுகளின் தரத்தில் குறை இல்லை. ஆனால் வந்தவர்கள் யார் என்று பார்த்தால், மேசை வேலை செய்யும் நாங்கள்தான். துப்புரவுப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், இரவுக் காவலர்கள் ஆகியோரில் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு மதிய இடைவேளை என்பது எங்களுக்கு இருப்பதுபோல் இல்லை. ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு குறித்துச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974-லேயே 140-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வேலை நேரத்துக்குள், வருமானம் குறையாமல் கற்பதற்கு வழிவகுப்பதே அதன் சாரம். வாழ்நாள் கற்றலைத் தன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட ஒரு நிறுவனம் நிர்வாகத்தோடு பேசும்போது இந்தச் செய்தியை முன்வைக்க வேண்டாமா? எங்கள் அலுவலகத்தில் நடந்த முன்னோட்டக் கூட்டத்தில் சுவரொட்டிகளைப் பற்றியும் பரிசுகளைப் பற்றியும் பேசினார்கள். நேரம் யாருடையது என்ற கேள்வியை எழுப்பவே இல்லை. 1972-இல் பிரான்சின் முன்னாள் பிரதமர் எட்கர் ஃபோர் தலைமையிலான குழு கல்வி வளர்ச்சி பற்றி யுனெஸ்கோவுக்கு அளித்த அறிக்கையிலிருந்து இன்று வரை 'அனைவருக்கும்' என்ற சொல் இந்தத் துறையில் தொடர்ந்து வருகிறது. இரவுக் காவலரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குபவர்தான்.

சேர நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: குடும்ப அமர்வுகளில் தயங்காமல் சேருங்கள், குழந்தைக்குக் குறைந்தது ஏழு வயது ஆகியிருந்தால் நல்லது, அதற்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் மிக நீளம். பள்ளிக்கு அழைப்பதானால் பயிற்சித் தொகுப்பை முன்கூட்டியே வாங்கிப் படித்து, அந்த வினாத்தாளை நீக்கச் சொல்லுங்கள். பணியிடத்துக்கு அழைப்பதானால், முறைப்பணியில் இருப்பவர்களுக்கு வேலை நேரத்திலேயே ஓர் அமர்வு ஒதுக்க நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பின் தேதியை முடிவு செய்யுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைச் சென்ற வாரம் கொடுத்திருக்கிறேன். வரும் பருவக் குடும்ப அமர்வுகளுக்கு நாங்கள் இருவரும் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம்.