30 இன்ச் காக்டெய்ல் கூண்டு: கம்பிக்கு முழு மதிப்பெண், ட்ரேக்குப் பூஜ்யம்

30 × 18 × 36 இன்ச், பவுடர் கோட்டிங், கீழே இழுப்பு ட்ரே. காக்டெய்ல் என்ற கொண்டை வைத்த சிறிய கிளி ஜோடிக்கு என்று பல பெயர்களில் விற்கும் இந்தக் கூண்டு இப்போது ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே "எடுக்கலாமா?" என்று கேள்விகளும் வர ஆரம்பித்துவிட்டன. எத்தனை கதவு, எத்தனை கிண்ணம் என்பதை அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சில மழைக்காலம் போன பிறகு அந்தக் கூண்டில் என்ன மிஞ்சுகிறது என்பது மட்டும் இங்கே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லும் மனநிலை இருக்காது. கம்பி இடைவெளி 12 மி.மீ. மேலிருந்து கீழ்வரை எங்கேயும் விலகல் இல்லை, வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை. காக்டெய்லுக்கு 12 முதல் 15 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் போனால் தலை நுழையும், திரும்ப வராது. கடையில் ஸ்கேல் இல்லையென்றால் இரண்டு சாதாரண பென்சிலைச் சேர்த்துப் பிடித்துக் கம்பிக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 14 மி.மீ. உரசிக்கொண்டு நுழைந்தால் காக்டெய்லுக்குப் போதும். நுழையவே இல்லையென்றால் அதைவிடச் சிறிய கிளியான பட்ஜிக்கும் ஆகும். மூன்று பென்சில் நுழைந்தால் அந்தக் கூண்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

30 இன்ச் அகலமும் நியாயமான அளவுதான். காக்டெய்லின் நீளம் 30 செ.மீ. சொச்சம், அதில் ஏறக்குறைய பாதி வால். நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ் கூண்டு" என்று எடுத்துக் கொடுப்பது பட்ஜிக்கான 18 இன்ச் கூண்டு. அதில் காக்டெய்லை விட்டால் திரும்பும்போதெல்லாம் வால் கம்பியில் உரசி, நுனி துடைப்பம் மாதிரி ஆகிவிடும். பறவை பக்கவாட்டில்தான் பறக்கிறது. அதனால் உயரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் அகலத்தை விடக்கூடாது. உச்சியில் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் கூடும் வட்டக் கூண்டு பக்கமே போக வேண்டாம், அந்தக் குறுகலில் விரல் மாட்டும். இதில் இரண்டு பக்கச் சுவரிலும் கம்பி படுக்கைவாட்டில் ஓடுகிறது. அலகால் பிடித்து ஏறுகிற ஜாதிக்கு அதுதான் ஏணி. முன்கதவும் பெரியது, கையில் பறவை இருக்கும்போதே முழங்கைவரை உள்ளே போகலாம்.

பாராட்டு முடிந்தது. இனி ட்ரே.

கூண்டு வாங்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள், கதவைப் பார்க்கிறார்கள், யாரும் குனிந்து அடியைப் பார்ப்பதில்லை. ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்து தினமும் கை படுகிற ஒரே பாகம் அதுதான். காக்டெய்ல் விஷயத்தில் அது இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் தரையில் நடந்து புல் விதை பொறுக்கித் தின்னும் பறவை இது. கூண்டிலும் அடிக்கடி கீழே இறங்கி நடக்கும், கிளறும், சிதறியதைத் தேடும். தரை சரியில்லாத காக்டெய்ல் கூண்டு பாதிக் கூண்டுதான்.

இங்கே தரை என்று இருப்பது கம்பி வலை. அது தொங்கும் வலை இல்லை, நான்கு பக்கமும் வெல்டிங் வைத்து ஒட்டிய வலை. கழற்ற முடியாது. உட்காரும் குச்சிக்கு நேர் கீழே எச்சம் விழுந்து, காய்ந்து, கம்பியோடு கம்பியாக இறுகிவிடும். அதைச் சுரண்ட மொத்தக் கூண்டையும் மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும், அல்லது கதவு வழியாகக் கையை விட்டுக் குனிந்தபடி தேய்க்க வேண்டும். வெந்நீரும் வினிகரும் சரிபாதி கலந்து நனைத்து பத்து நிமிடம் ஊறவிட்டால் சுலபமாக உரியும். ஊறாமல் உலோகச் சுரண்டியைப் போட்டால் கோட்டிங்தான் முதலில் உரியும்.

வலைக்குக் கீழே ட்ரே. முன்பக்க மடல் 60 மி.மீ. உயரத்துக்குத் திறக்கிறது. அவ்வளவு இடம் விட்டுவிட்டு, ட்ரேக்கு வெறும் 20 மி.மீ. விளிம்பு வைத்திருக்கிறார்கள். தினை, கம்பு, சாமை எதைப் போட்டாலும் தோலை உரித்துத் தள்ளிவிட்டுத்தான் தின்னும். காக்டெய்லின் இறகுத் தூளும் அதோடு சேரும். ட்ரேயை இழுத்த வேகத்திலேயே பாதி தரையில் கொட்டும், மீதி மூக்கில் ஏறும். இழுக்கும் முன் ஸ்ப்ரே பாட்டிலால் காகிதத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூள் எழும்பாது. இந்தத் தூளைப் பல காலம் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், கூண்டைச் சுற்றி உலர்ந்த துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான்.

அகலம் இன்னொரு வேடிக்கை. ட்ரேயின் உட்பக்கம் 74 செ.மீ. நம் நாளிதழை முழுக்க விரித்தாலும் 70-ஐத் தாண்டாது. ஆக, தினமும் இரண்டு தாள், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. அந்த ஒட்டு வழியாக ஈரம் இறங்கித் தகரத்தில் நிற்கும். நான்கு செ.மீ. குறைத்திருந்தால் ஒரே தாளில் வேலை முடிந்திருக்கும். மணல், மரத்தூள் என்று மாறிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: காகிதத்தில்தான் எச்சத்தின் நிறம் தெரியும். கரும்பச்சைச் சுருள், வெள்ளைப் பகுதி, கொஞ்சம் தெளிந்த நீர், இது சரி. வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றே மருத்துவர். மரத்தூளில் அது கண்ணுக்குப் படாது.

ஆனாலும் உண்மையான வில்லன் பின்னால் இருக்கிறது. அடிச்சட்டத்தின் உள் ஆழம் 445 மி.மீ., ட்ரே 430. பின்பக்கம் 15 மி.மீ. சந்து. அந்தச் சந்தில் தோலும் பழத்துணுக்கும் விழுந்து, பின்சட்டத்தின் மடிப்பில் போய் உட்காரும். ட்ரேயை வெளியே எடுத்தாலும் அது வராது. பறவை குளிக்கிற தண்ணீரும் அங்கேதான் வடியும். ஒரு வாரத்தில் புளித்த வாடை, அடுத்த வாரம் எறும்பு. அந்துப்பூச்சி இலவச இணைப்பு.

ட்ரே துருப்பிடிப்பதும் மூலையிலிருந்துதான், நடுவிலிருந்து இல்லை. தகரத்தை மடித்து இரண்டு புள்ளி வெல்டிங் வைத்து விட்டுவிட்டார்கள், மூலையை அடைக்கவில்லை. பவுடர் கோட்டிங்கில் தூளை மின்னேற்றம் கொடுத்துத்தான் பீய்ச்சுகிறார்கள். உள்மூலைக்குள் அந்தத் தூள் சரியாகப் போகாது. அந்தத் தொழிலில் அதற்கு ஃபாரடே கூண்டு விளைவு என்றே பெயர், பொருத்தமாகத்தான் இருக்கிறது. வெளியே பளபள, மடிப்புக்குள் வெறும் தகரம். எச்சத்தின் ஈரம் அங்கே நுழைந்தால் கோட்டிங் கொப்பளித்து உள்ளிருந்து உரியும். கடலோர ஊர் என்றால் இரண்டாவது மழைக்காலத்திலேயே மூலையில் விரல் நுழையும் ஓட்டை.

தற்காலிகமாக ஓட்ட வேண்டுமென்றால், புது ட்ரே கைக்கு வந்ததுமே நான்கு மூலையிலும் சந்தை அடைக்கும் நியூட்ரல் சிலிகான் பசையை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிகான் வேண்டாம், அது உலோகத்தையே அரிக்கும். இரண்டு நாள் பறவை இல்லாத அறையில் காய வேண்டும். வலைக்குக் கீழே இருப்பதால் அலகு எட்டாது.

நிரந்தரத் தீர்வு பட்டறையில்தான். 0.8 மி.மீ. எஸ்.எஸ். 304 (எவர்சில்வரில் ஒரு ரகம்) தகட்டில் வெளி அளவு 740 × 442 மி.மீ., விளிம்பு உயரம் 45 மி.மீ., மூலை நான்கும் ஆர்கன் வெல்டிங், மேல் விளிம்பை மடித்து நசுக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கை கிழியும். முன்பக்க விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாக 15 மி.மீ. மடித்தால் அதுவே கைப்பிடி. எடை மூன்று கிலோவைத் தொடும், பக்கச் சட்டம் தாங்குகிறது. தகடு, மடிப்பு, வெல்டிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரை ஆகும். காந்தத்தை வைத்து 304 என்று முடிவுகட்டாதீர்கள். 202 என்ற இன்னொரு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

வலையை என்ன செய்வது? கைக் கிரைண்டரால் ஓரத்தில் வெட்டி எடுத்து, முனைகளை அரத்தால் மழுக்கி, அதே அளவில் கழற்றி மாட்டும் எஸ்.எஸ். வலை செய்து வைக்கலாம். வெட்டும்போது பறவை வேறு அறையில் இருக்கட்டும். பகலில் வலையை எடுத்துவிட்டு, சுத்தமான காகிதத்தில் கொஞ்சம் தினையைத் தூவினால் காக்டெய்ல் இறங்கி நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வலை என்றதும் கடைக்காரர் ஜி.ஐ. வலையை எடுத்து நீட்டுவார், பாதி விலைதான். வேண்டாம். அதன் மேல்பூச்சு துத்தநாகம். கிளி இனம் கம்பியைக் கடித்து நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். சோர்வு, வாந்தி, தண்ணீராகப் போகும் எச்சம் என்று ஆரம்பித்து உயிரையே எடுக்கும். வினிகர் போட்டுத் தேய்த்தால் வெள்ளைத் தூளும் உதிரியான பூச்சும் குறையும், ஆபத்து முழுக்கப் போகாது. இதே காரணத்துக்காகக் கூண்டுக்குள் பித்தளைப் பூட்டும் வேண்டாம், பித்தளையில் துத்தநாகம் உண்டு.

கிண்ணக் கதவுகள் மேலே தூக்கித் திறக்கும் வகை. காக்டெய்ல் அதைத் தூக்கக் கற்றுக்கொள்ளும். தூக்கியது கழுத்தில் விழுந்தால் விபரீதம். ஒவ்வொன்றிலும் ஒரு எஸ்.எஸ். சாவி வளையம் போட்டால் தீர்ந்தது. கூடவே தரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, 15 முதல் 20 மி.மீ. பருமனுள்ள கொய்யாக் கிளைகளைத் தடிமன் மாற்றி மாற்றி மாட்டுங்கள். அரளி கூடாது. கிளையைக் கிண்ணத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

எறும்புக்குக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் நம் வீட்டு வழக்கம். இதில் சக்கரம் இருப்பதால் முடியாது. சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கிண்ணம் வைக்கலாம், ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட வேண்டும். இல்லையென்றால் எறும்பு போய் ஏடிஸ் கொசு வரும்.

காக்டெய்ல் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டெல்லாம் முட்டி அடித்துக்கொள்ளும் பறவை. ஒரு சிறிய இரவு விளக்கு போதும். 30 இன்ச் அகலம் அந்த நேரத்திலும் கைகொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சன் கன்யூர் என்ற மஞ்சள் கிளிக்கு ஆகுமா என்றும் கேட்கிறார்கள். 2 மி.மீ. கம்பியை அதன் அலகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதோடு அது சைட்டிஸ் (வனவுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பறவை, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காக்டெய்லும் பட்ஜியும் அந்தப் பட்டியலில் இல்லை. பச்சைக்கிளிக்கு என்றால் கூண்டைப் பற்றியே பேச வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

கணக்குப்படி பார்த்தால் ஐந்துக்கு நான்கு கொடுக்க வேண்டிய கூண்டு. நான் கொடுப்பது இரண்டு. நூற்றுக்கணக்கான கம்பியை ஒரு மி.மீ. பிசகாமல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தகரத்தை ஒழுங்காக மடிக்கத் தெரியாது என்று நம்ப முடியவில்லை. மடிக்க மனமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் வாங்க வேண்டாமா? வாங்குங்கள். இந்த விலையில் இதே அகலத்தில், இதே கம்பியில் வேறு கூண்டு கிடைப்பது சிரமம். முழு எஸ்.எஸ்.ஸில் பட்டறையில் செய்தால் பல மடங்கு ஆகும். கூண்டோடு ட்ரேக்கு ஒரு இரண்டாயிரத்தையும் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் இறக்கியதும், பறவையை உள்ளே விடும் முன், ட்ரேயை வெளியே எடுத்து அடிச்சட்டத்தின் உள் அகலத்தையும் ஆழத்தையும் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் சட்டம் இரண்டு மூன்று மி.மீ. உள்வாங்கியிருக்கும். பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது அந்தச் சிறிய அளவைத்தான்.