குளோரம்பெனிகோல் கண் சொட்டு: ஒரு வாரம் பாவித்த அனுபவம்

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே சேலைச் சட்டை தைத்துக் கொடுப்பவள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய எழும்பியபோது இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. மஞ்சள் பூளை காய்ந்து இமை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கொதித்தாறிய நீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்துத் துடைத்த பிறகுதான் கண் திறந்தது. வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. "நந்தியாவட்டைப் பூவை ஒற்று பிள்ளை, குளிர்ந்துவிடும்" என்றார் அம்மா. அவர் மனம் நோகக்கூடாதென்று பூவை வாங்கினேன்; கண்ணில் வைக்கவில்லை.

முதலில் போன மருந்துக்கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை நீட்டினார்கள். அதைப் போடுமுன் எங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டியது என் நல்ல காலம். அதில் அன்டிபயோட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட்டும் கலந்திருந்தது. கண்ணில் இருப்பது ஹெர்பீஸ் வைரஸ் என்றால், ஸ்டீரொய்ட் அதை வளரவிட்டுக் கருவிழியையே கெடுத்துவிடுமாம். அந்தக் கடை மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விற்கிற பொருளா அது?

வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, துடைத்த பிறகும் பார்வை மங்குகிறதா, கொன்டாக்ட் லென்ஸ் அணிவதுண்டா என்று வைத்தியர் கேட்டார். எதற்காவது ஆம் என்றிருந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். பிறகு 0.5% குளோரம்பெனிகோல் என்ற அன்டிபயோட்டிக் சொட்டை எழுதித் தந்தார். லிப்டன் சுற்றுவட்டத்து அரச மருந்துக்கடையான ஒசுசலவில் அதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். வீட்டிலும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் இரண்டு நாள், விழித்திருக்கும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துளி. பிறகு நாளுக்கு நான்கு முறை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் தெரியாது. கைபேசியில் மணி வைத்துத்தான் சமாளித்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கீழ் இமையைப் பைபோல இழுத்து, போத்தல் முனை இமையில் படாமல் விட வேண்டும். முதல் நாள் தொண்டைவரை கசந்தது. கண்ணீர்க் குழாய் வழியே மருந்து மூக்குக்குள் இறங்குவதால் அப்படியாம். பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன், கசப்பு குறைந்தது.

மருந்தில் எனக்குக் குறை இல்லை, போத்தலில்தான். பிளாஸ்டிக் விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் அழுத்தினால் ஒன்றும் வராது, இன்னும் அழுத்தினால் மூன்று துளி கன்னத்தில் வழியும். கண் ஒரு துளிக்கு மேல் தாங்காது, மிச்சம் வீண்.

மூன்றாம் நாள் காலை இமைகள் ஒட்டவில்லை. ஐந்தாம் நாள் சிவப்பும் போய், வழக்கம்போல ஊசியில் நூல் கோத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் போடச் சொல்லியிருந்தார், போட்டேன். இலேசான பக்டீரியாத் தொற்று தானாகவும் மாறும் என்பதை வைத்தியர் மறைக்கவில்லை. சொட்டு அதைச் சற்று விரைவுபடுத்தும், அவ்வளவுதான். தடிமனோடு நீராக வடியும் வைரஸ் கண்நோய்க்கு இது பயனே இல்லை.

சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு தங்கை, "அக்கா, மகனுக்கும் கண் சிவந்திருக்கிறது, மிச்ச மருந்தைத் தாருங்களேன்" என்று கேட்டாள். திறந்து 28 நாளானால் எறிய வேண்டிய மருந்து, அதுவும் என் கண்ணருகே போய்வந்த போத்தல். கொடுக்கவில்லை. வைத்தியரின் நேரத்தை எழுதிக் கொடுத்து, அன்று மாலையே பிள்ளையைக் கூட்டிப் போகச் சொன்னேன்.