காற்றா, மண்ணா: பியோர்க்கின் இரண்டு ஆல்பங்கள்

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்து ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ரசிகர்கள் நாங்கள் நாலே பேர். அதிலும் இரண்டு கட்சி.

2017இல் வந்த ‘யூட்டோபியா’ காற்று. 12 ஐஸ்லாந்துப் பெண்களின் புல்லாங்குழல், கூடவே பறவைக் குரல்கள். பனி விலகும் காலையில் போட்டால் எது பாட்டு, எது சோலைக்குள் கூவுவது என்றே பிரிக்க முடியாது. கேட்டவுடன் பிடித்துவிடும்.

2022இல் வந்த ‘ஃபொசோரா’ மண். பாஸ் கிளாரினெட்டுகள் அடிவயிற்றிலிருந்து உறுமும். திடீரென்று இந்தோனேசிய இரட்டையரின் காபர் என்னும் அதிவேக டெக்னோ தாளம் வந்து இடிக்கும். “என்ன தம்பி இது, மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு” என்று எங்கள் கூட்டத்து அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டார். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2018இல் இறந்த தன் அம்மாவுக்காகப் பியோர்க் பாடிய இரண்டு பாடல்கள் இதில்தான் இருக்கின்றன. ஒன்றில் மகனும் சேர்ந்து பாடுகிறார். மழை விட்ட சாயங்காலம், தேயிலைத் தோட்டத்து ஓரம் மட்கிய கட்டையில் விரல்நகம் அளவுக் காளான்கள் வரிசையாக முளைத்திருந்தன. குனிந்து பார்த்தபடியே அந்தப் பாட்டைக் கேட்டேன். இந்த ஆல்பத்தின் உருவகமே காளான்தான்.

என் ஓட்டு ஃபொசோராவுக்கு. அக்கா இன்னும் யூட்டோபியா கட்சிதான். ஆனால் நேற்று அம்மாவுக்கான அந்தப் பாட்டை மட்டும் அனுப்பச் சொன்னார்.