வைஃபையில் தெரியாத சாதனம்: ரூட்டர் பட்டியல், ஃபிங், ஜென்மேப் – எது உண்மையைச் சொல்கிறது?

செந்தூல் அடுக்குமாடியிலோ ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டிலோ கைப்பேசியில் வைஃபையைத் திறந்தால் அக்கம்பக்கத்து ரூட்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்த நெருக்கத்தில், நம் வைஃபையில் இணைந்த சாதனங்களின் பட்டியலில் ‘எஸ்பிரெசிஃப்’ என்று ஒரு பெயர் தெரிந்தால், பக்கத்து வீட்டார்மேல்தான் முதல் சந்தேகம் விழும். பெரும்பாலும் அது நம் வீட்டு ஸ்மார்ட் பிளக்காகவோ ஆட்டோ கேட்டின் வைஃபை அட்டையாகவோ இருக்கும். எஸ்பிரெசிஃப் என்பது அவற்றுக்குள் இருக்கும் சில்லைத் தயாரிக்கும் நிறுவனம்.

வேகம் வேண்டுமென்றால் ஃபிங் செயலி. திரையை ஒருமுறை தட்டினால் பட்டியல் வந்துவிடும். ஆனால் ஐஓஎஸ் 11 முதல் ஐபோனில் எந்தச் செயலியும் மற்றச் சாதனங்களின் மேக் முகவரியை (MAC, சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) படிக்க முடியாது. புதிய ஆண்ட்ராய்டிலும் அதே தடைதான். மேக் இல்லாமல் தயாரிப்பாளரைச் சொல்வது பாதி ஊகம். கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருப்பவையும் பெரும்பாலும் ஃபிங்கின் கண்ணில் படுவதில்லை.

மடிக்கணினி இருந்தால், நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடும் ஜென்மேப் மென்பொருள் இன்னும் நல்லது. இலக்காக வீட்டு நெட்வொர்க்கின் முகவரி வரம்பான 192.168.0.0/24 கொடுத்து (உங்கள் ரூட்டர் முகவரி 192.168.1.1 என்றால் 192.168.1.0/24) ‘பிங் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள் நெட்வொர்க்கில் இது ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக்கைக் கேட்கும் முறை) வழியாகக் கேட்பதால், பிங்கை, அதாவது ‘இருக்கிறாயா’ என்ற அழைப்பை, மறுக்கும் ஃபயர்வால் உள்ள கணினியும் பதில் சொல்லியாக வேண்டும். மேக், தயாரிப்பாளர் பெயர் இரண்டும் கிடைக்கும். தூங்கும் கைப்பேசி தப்பிவிடலாம்; இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

இறுதித் தீர்ப்பை ரூட்டரின் அமைப்புப் பக்கத்திடம்தான் விட வேண்டும். ஏனெனில் சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுப்பது ரூட்டரே. கெஸ்ட்டில் இருப்பவர்களையும் அது அறியும். ஒரு எச்சரிக்கை: அங்குள்ள டிஹெச்சிபி பட்டியல், குறித்த காலத்துக்கு யாருக்கு எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்ற வெறும் குத்தகைப் பதிவு. குத்தகை 24 மணி நேரம் என்றால், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்து போனவர்களின் கைப்பேசிகள் மறுநாள் காலையிலும் அதில் இருக்கும். ‘வயர்லெஸ் கிளையன்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். இப்போது இணைந்திருப்பவை மட்டும் அங்கே தெரியும்.

மூன்றும் ஒன்றாகக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டருக்குப் பின்னால் சொந்தமாக ஒன்றை வாங்கி மாட்டியிருப்பீர்கள். அது ‘ஆக்செஸ் பாயின்ட்’ முறையில் (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்புவது) இல்லையென்றால் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. முதல் ரூட்டர் உங்கள் இரண்டாவது ரூட்டரை, அதன் பின்னால் எத்தனை சாதனம் இருந்தாலும், ஒரே சாதனமாகக் காட்டும். இரண்டாவதோ முதலில் நேரடியாக இணைந்தவர்களைக் காட்டவே காட்டாது. ஸ்டிக்கரில் அச்சிட்ட கடவுச்சொல்லோடு மறந்துபோன அந்த முதல் வைஃபைதான் வெளியாட்கள் நுழைய வசதியான வாசல். அதை அணையுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இனி அடையாளம். மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் சாதனமே உண்டாக்கிக்கொண்ட முகவரி. தயாரிப்பாளர் பெயர் வராது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து கைப்பேசிகளில் இது இயல்பான நடைமுறை. மகளின் ஐபோனே புதிய அந்நியனாகத் தெரிவது இதனால்தான். சந்தேகமான ஒன்றை ரூட்டரில் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, வீட்டில் எது வேலை செய்யவில்லை என்று பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

வெளியாள்தான் என்று உறுதியானால், மேக் தடையா கடவுச்சொல் மாற்றமா? மேக் தடையை நம்ப வேண்டாம். முகவரியை மாற்றிக்கொண்டு அந்தக் கைப்பேசி திரும்பி வரும். கடவுச்சொல்லை மாற்றுவதே வழி. கூடவே, கடவுச்சொல் இல்லாமலே இணைய உதவும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணையுங்கள். அதன் 8 இலக்க ரகசிய எண் (PIN) இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுகிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். எனவே பத்துக் கோடி முயற்சி தேவையில்லை, 11,000 போதும் என்பது 2011இலேயே வெளியானது. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றுங்கள்.

கடவுச்சொல் மாறினால் ஸ்மார்ட் பிளக், கேமரா எல்லாவற்றையும் மீண்டும் இணைக்க வேண்டிவரும். வெளியாள் யாருமில்லை, பொருள்களைப் பிரித்து வைப்பதே நோக்கம் என்றால், பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் கெஸ்ட் நெட்வொர்க்குக்குக் கொடுத்து, முதன்மைக்குப் புதியவற்றை வையுங்கள். பிளக்குகள் தாமாகவே கெஸ்ட்டில் சேரும். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்க வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிளக்குகள் சேராது, டபிள்யூபிஏ2 என்று வையுங்கள்.