ரிக்கியா, ஹக்கின்ஸா, ஸ்டெங்கலா: யாரும் தேடாத ரூக்கி கார்டுகள்

பழைய பேஸ்பால் கார்டு சேர்ப்பதில் பேப் ரூத், டை காப் போன்ற பெரிய நட்சத்திர ஆட்டக்காரர்கள் பக்கம் நான் போகவில்லை. அந்த விலைக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் ஆட்டக்காரராக இல்லாமல் மேலாளராகவோ நிர்வாகியாகவோ ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் கௌரவப் பட்டியலுக்குள் போன பழைய ஆட்களின் ரூக்கி கார்டுகளை, அதாவது முதல் கார்டுகளை, அதிகம் பேர் தேடுவதில்லை. அந்த வகையில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிராஞ்ச் ரிக்கியின் 1914 க்ராக்கர் ஜாக் (பாப்கார்ன் தின்பண்டத்தோடு வந்த வரிசை) கார்டை வாங்கினேன்.

முதலில் மில்லர் ஹக்கின்ஸ். யாங்கீஸ் அணிக்கு 1923, 1927, 1928 என மூன்று உலகத் தொடர்களை (வேர்ல்ட் சீரிஸ், அந்தந்த வருட சாம்பியன் பட்டம்) வென்று கொடுத்த மேலாளர். 1964-ல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் சின்சினாட்டியில் இரண்டாம் பேஸ் ஆடிய காலத்தில், சிகரெட் பெட்டியோடு வந்த டி206 வரிசையில் அவருக்கு இரண்டு படங்கள் உண்டு. டி206 எப்போதும் கிடைக்கும், விற்பதும் சுலபம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

கேசி ஸ்டெங்கல் 1916-ன் எம்101 என்ற கார்டு வரிசையில் இருக்கிறார். புரூக்ளினில் வெளிக்கள ஆட்டக்காரராக இருந்த இளம் ஸ்டெங்கல். பிற்பாடு மேலாளராக யாங்கீஸுக்கு ஏழு உலகத் தொடர்கள் வாங்கித் தந்தவர். மூன்றிலும் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். ஆனாலும் இவரை விட்டுவிட்டேன்.

காரணம் ஒன்றே ஒன்று: வருடம். ரூக்கி கார்டுக்குத் தனி மதிப்பே அது முதல் வருடத்தது என்பதால்தான். அதைக் கார்டே சொல்ல வேண்டும், விற்பவர் சொல்லக் கூடாது. எம்101 கார்டுகளை ரொம்ப காலம் 1915 என்றே பட்டியல் போட்டார்கள், பிறகுதான் 1916 என்று திருத்தினார்கள். சிலவற்றின் பின்பக்கத்தில் விளம்பரம் இருக்கும், பலவற்றில் ஒன்றுமே இருக்காது. வெறும் பின்பக்கத்தை வைத்து என்ன நிரூபிப்பது? டி206 கொஞ்சம் பரவாயில்லை. '150', '350', '460' என்று பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை, 1909 முதல் 1911 வரை எந்தக் கட்டத்தில் வந்தது என்று காட்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வருடத்தைத் தொட்டுக் காட்டாது.

க்ராக்கர் ஜாக்கில் இந்தத் தலைவலி இல்லை. 1914 வரிசையில் 144 கார்டுகள், 1915-ல் 176. அந்த எண்ணிக்கை பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதோடு, புத்தகத் தாளைத் திருப்புவது போலக் கார்டைத் திருப்பினால் 1914-ன் எழுத்து நேராக இருக்கும், 1915-ன் எழுத்து தலைகீழாக இருக்கும். முன்பக்கம் இரண்டிலும் அதே சிவப்புப் பின்னணிதான், அதனால் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து யாரும் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம் கறை. 1914 கார்டுகள் கேரமல் பூசிய பாப்கார்னோடு அதே பெட்டிக்குள் கிடந்தவை. என் கார்டின் ஒரு மூலையில் பழுப்பாக எண்ணெய் ஏறியிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மட்டும் லேசாக மின்னும். 1915-ல் கூப்பன் அனுப்பி முழு வரிசையையும் தபாலில் வாங்கிக்கொள்ள முடிந்தது, அதனால் சுத்தமான கார்டுகள் நிறையத் தப்பின. கார்டின் நிலையை மதிப்பிடும் கிரேடிங்கில் கறைக்கு மதிப்பெண் குறையும், விலையும் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் எனக்கு ரிக்கி கைக்கு எட்டினார். கறை படிந்த 1914-ஐ, பளிச்சென்ற 1915-ஐ விட மேலாகவே நினைக்கிறேன்.

ரிக்கி அப்போது செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் மேலாளர். நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்ய இன்னும் முப்பது வருடம் இருந்தது. 1967-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆட்டக்காரர்களை மட்டும் வரிசைப்படுத்திச் சேர்ப்பவர்கள் பலர் இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னும் பின்னால் போக ஆசை இருந்தால் கானி மேக் இருக்கிறார். பிலடெல்பியாவின் ஐம்பது வருட மேலாளர், வாஷிங்டனில் கேட்சராக இருந்தபோது 1880-களின் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் கார்டில் வந்தவர். அவை அட்டையில் ஒட்டிய நிஜப் புகைப்படங்கள், வெளிறிப்போகும். அவற்றில் என் கை அவ்வளவாகப் பழகவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ரிக்கி வாங்குவதானால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கி, 144 என்ற எண் கண்ணில் பட்ட பிறகு விலை பேசுங்கள்.